கன்றின் நோவை அறிதல்

அபூதாவூதின் நபிமொழித் தொகுப்பில் இடம்பெறும் நிகழ்ச்சியொன்றை நம்மில் பலர் அறிவர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துள் நுழைகின்றார்கள். அங்கு நின்ற ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டதும் தேம்புகின்றது. அதன் கண்கள் நீர் சொரிகின்றன. அருகிற் சென்று அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுக்க, அது அமைதியடைகின்றது. பின்னர் அதன் உரிமையாளரான இளைஞரை அழைத்து, அவர் அதனைப் பட்டினி போடுவதாகவும் ஓயாது வேலை வாங்கி வருத்துவதாகவும் அது தம்மிடம் முறையிட்டதென்று கூறி அவரைக் கண்டிக்கின்றார்கள். அறிவிப்பவர் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரழி) அவர்கள்.

அந்த முறையீட்டை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் நபிமார்க்கு அருளப்பட்ட சிறப்பு. நமக்கு அது வழங்கப்படவில்லை. ஆயினும் பிராணியை வருத்தாதிருக்கும் கடமை நம்மீது அப்படியே இருக்கின்றது. அதற்கு நோகின்றதா, எவ்வளவு நோகின்றது, எத்தனை மணி நேரம் நோகின்றது என்பவற்றை அறிய வழியற்றவன் அக்கடமையை நிறைவேற்றுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியில் கால்நடை மருத்துவ அறிஞர்கள் கடந்த சில பத்தாண்டுகளாக ஈடுபட்டுள்ளனர். அவர்கள் மிகுதியாக ஆராய்ந்த உயிர்களுள் ஒன்று இளங்கன்று. பிறந்த சில வாரங்களுக்குள் அதன் கொம்புக் குருத்து சுடப்படுகின்றது; தாயினின்றும் அது பிரிக்கப்படுகின்றது; சிலபோது அறுக்கவும் படுகின்றது. இம்மூன்றாவது செயல் முஸ்லிம்களாகிய நம்மை நேரடியாகத் தொடுவதால், இத்துறையின் முடிவுகளை நாம் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பது தகாது.

மாட்டினம் வேட்டையாடப்படும் இனம். மந்தையில் நொண்டுவதும் முனகுவதும் வேட்டை விலங்கின் கண்ணைத் தன்மீது இழுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே வலியை வெளிக்காட்டாதிருப்பது அதன் இயல்பாகவே அமைந்துவிட்டது. நாய் ஊளையிடும் இடத்தில் கன்று கண்களை அகல விரித்தபடி அசையாது நிற்கும். சூடு போட்டு விடுவித்த மறுகணம் கன்று பால் வாளியில் வாய் வைத்ததை எடுத்துக்காட்டி, அதற்கு வலியே இல்லை என வாதிடும் பண்ணையாளர்கள் எந்நாட்டிலும் உண்டு. பசித்த கன்று வலியோடும் பால் குடிக்கும் என்பதே அதற்குரிய விடை. மௌனத்தைச் சான்றாகக் கொள்வது மனிதக் குழந்தை விடயத்திலேயே பெருந்தவறாக முடிந்திருக்கின்றது. 1980கள் வரை பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய வலி நீக்கமின்றி அறுவை சிகிச்சை செய்வது மேலை மருத்துவமனைகளில் வழக்கத்தில் இருந்தது. அவற்றின் நரம்பு மண்டலம் முதிராதது, எனவே அவை வலியை உணரா என்று கருதப்பட்டது. 1987இல் ஆக்ஸ்போர்டில் ஆனந்த் என்பவரும் அவருடைய குழுவினரும் குறைமாதக் குழந்தைகளின் குருதியிலுள்ள சுரப்புகளை அளந்து, வலி நீக்கி பெற்ற குழந்தைகளிடம் உடலின் கொந்தளிப்பும் சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்களும் குறைந்திருந்ததைக் காட்டினர். அதன் பின்னரே அவ்வழக்கம் மாறலாயிற்று. பேச இயலாத உயிரின் வலியை அதன் குருதியிடம் கேட்டறியும் இந்த முறையே கன்றின் விடயத்திலும் முதலிற் கையாளப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திசு சேதமடையும்போது நரம்பு முனைகள் செய்தி அனுப்புவது ஒன்று. அச்செய்தி மூளையை அடைந்து துன்பமாக உணரப்படுவது மற்றொன்று. முதலாவதைக் கருவிகள் எளிதில் காட்டும். இரண்டாவது அகத்தின் அனுபவம். அதனை நேராகக் காட்டும் கருவி இன்றுவரை இல்லை. மற்றொரு மனிதனின் வலியைக்கூட நாம் அவன் சொல்லையும் முகத்தையும் கொண்டு ஊகித்தே அறிகின்றோம். ஆகவே கன்றின் நோவைப் பற்றிய எந்த ஆய்வும் பல சாட்சிகளை ஒருங்கே விசாரித்துத் தீர்ப்புக் கூறும் நீதிபதியின் பணியை ஒத்தது. ஒரு சாட்சியை மட்டும் நம்பியவர்கள் தவறிய இடங்களைப் பின்னர்க் காண்போம்.

கொம்புக் குருத்தைப் பற்றி முதலில் கூறுவோம். கன்று பிறந்து ஏறத்தாழ இரண்டு மாதம் வரை குருத்து தோலில் மட்டுமே ஊன்றியிருக்கும். பின்னரே அது மண்டையோட்டுடன் இணைகின்றது. இணைந்தபின் கொம்பை நீக்கினால் நெற்றியெலும்பின் உட்குழிவே திறந்துகொள்ளும். எனவே பால் பண்ணைகளில் முதற்சில வாரங்களிலேயே காய்ச்சிய இரும்பினால் குருத்தைச் சுட்டோ, அரிக்கும் காரப் பசையைப் பூசியோ அதனை அழிக்கின்றனர். வளர்ந்துவிட்ட கன்றாயின் குடையும் கருவியினால் தோண்டியெடுப்பர். நெருக்கமான தொழுவத்தில் மாடுகள் ஒன்றையொன்று குத்திக் காயப்படுத்தாமலும் பணியாளர்க்குத் தீங்கு நேராமலும் இருக்க இது செய்யப்படுகின்றது. காரணம் போலியானதன்று.

நியூஸிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் டேவிட் மெல்லர், கெவின் ஸ்டாஃபோர்டு ஆகியோர் இச்செயலின்போது குருதியில் கோர்டிசோல் எனும் சுரப்பு உயர்வதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தனர். மனிதன் பிடித்து நிறுத்துவதும் ஊசி ஏற்றுவதுமே அச்சுரப்பை உயர்த்தக்கூடும் என்பதால், பிடித்து நிறுத்திவிட்டு எதுவும் செய்யாது விடப்பட்ட கன்றுகளையும் ஒப்புநோக்குக்கு வைத்துக்கொண்டனர். குடைந்தெடுக்கப்பட்ட கன்றுகளில் கோர்டிசோல் விரைந்து உச்சத்தை எட்டி, பின்னர்ச் சற்றுத் தாழ்ந்து, பல மணி நேரம் அந்த நிலையிலேயே நின்று, அதன் பிறகே பழைய அளவுக்கு இறங்கிற்று. கொம்புக்குச் செல்லும் நரம்பை லிக்னோகெய்ன் ஊசியினால் மரக்கச் செய்தபோது அந்த உச்சம் காணப்படவில்லை. ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் ஓர் ஊசியோடு வலி தீர்ந்தது என்று எழுதியிருப்பர். ஆனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மருந்தின் வலிமை குன்றியதும் கோர்டிசோல் மீண்டும் ஏறியது. நோவு ஒத்திப்போடப்பட்டிருந்ததேயன்றி நீங்கியிருக்கவில்லை. அழற்சியைத் தணிக்கும் கீட்டோப்ரொஃபென் போன்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் அந்த இரண்டாம் ஏற்றமும் அடங்கியது. எத்தனை மணி நேரம் அளந்தார்கள் என்பதைப் பாராமல் ஓர் ஆய்வின் முடிவை ஏற்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

கோர்டிசோல் பழைய அளவுக்கு இறங்கியதும் வலி போய்விட்டதா? இல்லை என்று நடத்தை கூறுகின்றது. சுடப்பட்ட கன்று அடிக்கடி காதை வெட்டியசைக்கும், தலையை உதறும், வாலை வீசும், பின்னங்காலால் தலையைச் சொறிய முயலும், அசைபோடுவது குறையும். அழுத்தத்தை அளக்கும் சிறு கருவியைப் புண்ணின் விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தினால், சுடப்படாத கன்று பொறுத்துக்கொள்ளும் அழுத்தத்தினும் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே சுடப்பட்ட கன்று தலையை இழுத்துக்கொள்கின்றது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சாரா ஆட்காக், கசாண்ட்ரா டக்கர் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் புண் முழுதாக ஆறப் பல வாரங்கள் செல்கின்றன என்பதையும், அக்காலம் முழுவதும் அவ்விடம் நோவுணர்வு மிக்கதாக இருப்பதையும் காட்டியது. சில மணி நேரத் துன்பம் என்று எண்ணப்பட்டது வாரக் கணக்கில் நீளும் துன்பம் எனத் தெரியவந்தது.

துன்பமில்லாமையை மட்டும் அளந்தால் நலத்தை அளந்ததாகாது. நலமான கன்று விளையாடும். வாலை உயர்த்தித் துள்ளும், காற்றில் உதைக்கும், காரணமின்றி ஓடும். உயிர் வாழத் தேவையற்ற இச்செயல் நோவோ பசியோ வந்தவுடன் முதலில் நின்றுபோகின்றது. சுட்ட பின்னர்க் கன்றுகளின் துள்ளலும் ஓட்டமும் குறைவதை 2013இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. கிராமத்துப் பாட்டி ஒருத்தி கன்று துள்ளவில்லையே என்று கவலைப்பட்டபோது செய்ததும் இதே மதிப்பீடுதான்.

அதே 2013இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேனியல் வீரி, மரீனா வான் கைசர்லிங்க் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி ஆழமானது. துயருற்ற மனிதன் ஐயத்துக்கிடமானவற்றைத் தீமையாகவே எடுத்துக்கொள்வான் என்பது நாம் அன்றாடம் காண்பது. கன்றும் அப்படித்தானா? 17 கன்றுகளுக்கு ஒரு திரையில் சிவப்பும் வெள்ளையும் காட்டிப் பயிற்சியளித்தனர். ஒரு நிறம் தெரியும்போது திரையை முகத்தால் தொட்டால் பால் கிடைக்கும். மற்ற நிறத்தில் தொட்டால் பால் கிடையாது. சற்று நேரம் வீணே காத்திருக்கவும் நேரும். கன்றுகள் இதனை நன்கு கற்றுக்கொண்டன. அதன் பின்னர் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளிர் சிவப்பு நிறங்களைக் காட்டினர். கொம்புக் குருத்தைச் சுடுவதற்கு முன்னர் அந்த ஐயமான நிறத்தைப் பார்த்துப் பாலை எதிர்பார்த்து முன்வந்த கன்றுகள், சுட்டதன் பின்னர் அதே நிறத்தைப் பார்த்துத் தயங்கி நின்றன. சுடும்போது அந்த இடம் மரக்கச் செய்யப்பட்டிருந்தது என்பது இங்கு கருதத்தக்கது. கன்றின் தலையில் மட்டும் நேர்ந்தது என நாம் எண்ணியிருந்த ஒன்று, அது உலகைப் பார்க்கும் பார்வையையே இருளச் செய்திருக்கின்றது.

அக்குழு 2014இல் அதே திரையைக் கொண்டு வேறொன்றை ஆராய்ந்தது. தாயினின்றும் பிரிக்கப்பட்ட கன்றுகளும் அவ்வாறே ஐயமான நிறத்தைத் தீமையாகக் கண்டன. அந்தச் சரிவு சூட்டினால் ஏற்பட்டதை ஒத்திருந்தது. உடற்புண் எதுவும் இல்லாத பிரிவு, சுடப்பட்டதற்கு நிகரான துயரை விளைவித்ததென்பதே இதன் பொருள். இந்த முடிவை வாசித்தபோது, இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் சிறு பறவையின் வரலாறு நினைவுக்கு வராதிருக்க முடியவில்லை. பயணத்தின்போது தோழர்கள் சிலர் அதன் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. குஞ்சுகளைக் கொண்டு அதனை வருத்தியவர் யார் எனக் கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பறவையின் உடலில் எந்தக் காயமும் இருக்கவில்லை.

நம் சட்ட அறிஞர்களும் இதனைப் பொதுவான இரக்க உணர்வாக மட்டும் விட்டுவிடவில்லை. ஷாபிஈ சட்ட நூல்கள், கன்றுக்குக் குறை வரும் அளவுக்குத் தாயின் பாலைக் கறப்பது கூடாதென விதிக்கின்றன; கன்றின் பங்கு போக எஞ்சியதே உரிமையாளனுக்குரியது. ஹிஜ்ரி 660இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் தமது ‘கவாயிதுல் அஹ்காம்’ நூலில், பிராணிகளுக்கு மனிதன்மீதுள்ள உரிமைகளைத் தொகுத்துரைக்கும்போது, முதுமையுற்றோ நோயுற்றோ பயன் தராதுபோன பிராணிக்கும் தீனி கொடுப்பதையும், அதன் குட்டியை அதன் கண்முன் அறுக்காதிருப்பதையும் சேர்த்தே கூறுகின்றார்கள். இன்றைய பெரும் பால் பண்ணைகளில் கன்று பிறந்த சில மணிகளிலோ ஒரு நாளிலோ தாயைவிட்டு அகற்றப்படுகின்றது. முஸ்லிம் நாடுகளின் நவீனப் பண்ணைகளும் இதற்கு விலக்கன்று. ஹலால் முத்திரை அறுப்பைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு அந்த விலங்கின் வாழ்வைப் பற்றி விசாரிப்பதில்லை என்பது நம் சமூகத்தின் குறை என்றே எண்ணுகிறோம்.

தேவைக்காக நோவு தருவதே கூடாதென்று மார்க்கம் கூறவில்லை. ஸகாத் ஒட்டகங்களுக்கு நபி (ஸல்) அவர்களே அடையாளச் சூடு இட்டதை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அதே வேளையில் முகத்தில் சூடிடப்பட்ட கழுதையொன்றைக் கண்டபோது அதனைச் செய்தவனைக் கடுமையாகச் சபித்ததும் நபிமொழிகளில் உண்டு. தேவை மெய்யானதாக இருத்தல் வேண்டும்; நோவு அத்தேவைக்கு வேண்டிய அளவைக் கடத்தலாகாது. இந்த அளவுகோலைக் கொம்புக்குருத்தின்மீது வைத்துப் பார்த்தால், மரக்கச் செய்யும் ஊசியும் அழற்சி தணிக்கும் மருந்தும் எளிதிற் கிடைக்கும் காலத்தில் அவையின்றிச் சுடுவது எந்தத் தேவையிலும் அடங்காது. நியூஸிலாந்து 2019 அக்டோபர் முதல் இந்த ஊசியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. பிறவியிலேயே கொம்பில்லாத மரபுடைய காளைகளைக் கொண்டு இனப்பெருக்கம் செய்து சூட்டையே தேவையற்றதாக்கும் வழியும் இருக்கின்றது. ஆயின் பால் இனங்களில் அது மெதுவாகவே பரவுகின்றது.

இனி அறுப்பு. ஜெர்மனியின் ஹனோவர் நகரிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் வில்ஹெல்ம் ஷூல்ட்ஸ் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித் தமிழில் நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கின்றோம். ஆடுகளிலும் கன்றுகளிலும் மூளையின் மின்னலைகளைப் பதிந்து, சமய முறை அறுப்பையும் நெற்றியில் ஆணி பாய்ச்சி உணர்விழக்கச் செய்யும் முறையையும் அவர்கள் ஒப்பிட்டனர். அறுத்தவுடன் அலைகளில் வலியைக் காட்டும் மாற்றம் தென்படவில்லை என்றும், சிறிது நேரத்தில் அலைகள் அடங்கிவிட்டன என்றும் அவர்கள் பதிவுசெய்தனர். இதிலிருந்து ஹலால் அறுப்பு வலியற்றதென விஞ்ஞானம் நிறுவிவிட்டது என்ற வாசகம் நம் சொற்பொழிவுகளிலும் சிறு நூல்களிலும் நிலைபெற்றது. ஆய்வாளர்களோ தம் முடிவை முதற்படியாகவே கருதினர். பல்வேறு எடையும் இனமும் கொண்ட மாடுகளில் இதே முறையில் ஆய்வு தொடரப்பட வேண்டுமென்று வற்புறுத்தவும் செய்தனர். மேற்கோள் காட்டியவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்ட பகுதி இது.

ஆய்வு தொடரத்தான் செய்தது. மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஜான்ஸன், டிராய் கிப்ஸன் முதலியோர் மெல்லருடன் சேர்ந்து ஒரு நுட்பமான வழியைக் கையாண்டனர். கன்றுக்கு ஹாலோத்தேன் என்னும் மயக்க வாயுவை மிகக் குறைந்த அளவில் கொடுப்பர். அந்நிலையில் அது எதையும் நினைவோடு உணராது. ஆனால் மூளையின் மேற்பகுதி நோவுச் செய்திக்கு இன்னும் துலங்கும். மூளை அலைகளைக் கணினியில் பகுத்து, அவற்றின் அதிர்வெண் எவ்வாறு இடம்பெயர்கின்றது என்று பார்ப்பர். வலியை அளப்பதற்காக வலியை உண்டாக்கும் சங்கடம் இங்கு இல்லை. 2007இல் இம்முறையைக் கொம்பு குடைதலில் சோதித்தனர். குடைந்தபோது அலைகள் தெளிவாக மாறின. முன்கூட்டியே லிக்னோகெய்ன் இட்ட கன்றுகளில் அம்மாற்றம் காணப்படவில்லை. அளவுகோல் சரியாக வேலை செய்கின்றது என்பதற்கு இது சான்றாயிற்று. 2009இல் அதே அளவுகோலைக் கழுத்து அறுப்பில் வைத்தனர். கொம்பு குடைந்தபோது கண்டதை ஒத்த நோவுத் துலக்கம் அங்கும் தோன்றியது. தொடர்ந்து செய்த சோதனையில், அத்துலக்கம் குருதி இழப்பால் அன்றிக் கழுத்தின் திசுக்கள் வெட்டுண்டதால் முதன்மையாக எழுகின்றது என்றும் கண்டனர்.

இந்த முடிவு நமக்கு உவப்பானதன்று. அதனால் அதைத் தள்ளிவிடவும் இயலாது. 1978இன் மூளை அலைகளைச் சான்றாகக் கொண்டவர்கள், 2009இன் மூளை அலைகள் தமக்கு எதிராக நிற்கும்போது அலைகளை நம்ப முடியாதென்று கூறுவது நேர்மையாகாது. கொம்பு சுடுவதன் கொடுமையை அவ்வலைகளைக் கொண்டு நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதையும் மறக்கலாகாது.

ஆயினும் அந்த ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. அவற்றைக் கூறுவது தப்பிக்கும் வழியன்று. மயக்கத்திலிருந்த கன்றின் அலை, விழித்திருக்கும் கன்றின் அனுபவத்துக்கு முழுதாகச் சமமாகுமா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. பயன்படுத்திய கத்தியைப் பற்றியும் வினா எழுந்தது. அமெரிக்காவின் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெம்பிள் கிராண்டின், இறைச்சிக் கூடங்களில் பல்லாண்டு நேரடி அனுபவம் உள்ளவர். கத்தி போதிய நீளமின்றி இருந்தால் அதன் முனை காயத்துக்குள்ளேயே குத்திக் கிளறும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். யூத முறையில் நீண்ட, மாசற்ற கூர்மையுள்ள கத்தியால் திறமையாக அறுக்கப்பட்ட மாடுகள், வசதியாக நிறுத்தப்பட்டிருந்தால், வெட்டுக்குக் காட்டிய அசைவு முகத்துக்கு நேரே கை வீசியபோது காட்டியதினும் குறைவாக இருந்ததென்பதும் அவருடைய கண்ணாற்கண்ட பதிவு. அசையாமை வலியின்மைக்கு உறுதியான சான்றாகாது என முன்னர்க் கூறினோம். அது இங்கும் பொருந்தும். எனினும் கத்தியின் தரம் விளைவை மாற்றும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறும் பிராணிக்கு இலகுவாக்குமாறும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அறிவிக்கும் நபிமொழி பணிப்பதை நாம் மனனமாக வைத்திருக்கின்றோம். நம் அறுப்புக் கூடங்களில் எத்தனை கத்திகள் ஒவ்வொரு விலங்குக்கும் முன் சோதிக்கப்படுகின்றன?

மற்றொரு செய்தி உடற்கூற்றைச் சார்ந்தது. ஆட்டில் கழுத்தின் இரு பெருந்தமனிகளும் அறுபட்டால் மூளைக்குக் குருதி செல்வது உடனே ஏறக்குறைய நின்றுவிடும். மாட்டிலோ முதுகெலும்பின் ஊடாகச் செல்லும் தமனிகளும் மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்கின்றன. கழுத்தின் முன்புற வெட்டு அவற்றைத் தொடாது. அத்துடன் அறுபட்ட தமனியின் முனை சில மாடுகளில் குருதியால் பொதிந்து வீங்கி அடைத்துக்கொள்ளும். நெவில் கிரெகரியும் உடனாய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உணர்விழக்கச் செய்யாமல் அறுக்கப்பட்ட 174 மாடுகள் சராசரியாக 20 விநாடிகளில் சாய்ந்தன. ஆனால் 8 விழுக்காடு மாடுகள் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டன. ஆட்டை அறுத்துப் பழகிய கை, மாடும் அப்படித்தான் என்று எண்ணிவிடலாகாது. கிப்ஸனும் கிரெகரியும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தின் மேற்பகுதியில் வெட்டினால் மாடு விரைவாகச் சாய்வதைக் கண்டனர். இது நடைமுறைக்கு மிகவும் பயன்படக்கூடிய முடிவு. ஆயின் ஷாபிஈ நூல்கள், வெட்டு குரல்வளை முடிச்சின் எப்பக்கம் விழ வேண்டும், முடிச்சின் எப்பகுதி தலையோடு எஞ்ச வேண்டும் என்பதை நுணுகிப் பேசுகின்றன. மேல் வெட்டை அந்த வரம்புக்குள் எவ்வளவு உயர்த்த இயலும் என்பது, சட்ட அறிஞரும் கால்நடை மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்கவேண்டிய கேள்வி. தனித்தனியே தீர்க்க முயன்றால் இருவருமே தவறுவர்.

அறுப்பின் சட்டபூர்வத் தன்மை ஓர் ஆய்வுக்கூடத்தின் அலைவரைவைச் சார்ந்து நிற்பதன்று. இறைவன் பெயர் கூறி அவன் அனுமதித்தவாறு உயிரை எடுப்பதே அதன் அடிப்படை. வலியே இல்லை என்று நிறுவினால்தான் நம் மார்க்கம் நிலைக்கும் என்பது போன்ற பதற்றம் தேவையற்றது. பிராணிக்கு இலகுவாக்கு என்ற கட்டளையே, அங்கு இலகுவாக்கப்பட வேண்டிய ஒரு துன்பம் இருப்பதை ஏற்றுக்கொண்டு பேசுகின்றது. மறுபுறம், இந்த ஆய்வுகள் ஐரோப்பாவில் அரசியல் ஆயுதமாகவும் எடுக்கப்பட்டன என்பதை மறைப்பதும் சரியன்று. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த தடையை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஏற்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் அதில் சமயச் சுதந்திர மீறல் இல்லையெனத் தீர்ப்பளித்தது. அறுப்பின் சில விநாடிகளுக்குக் குரல் எழுப்புவோருள் எத்தனை பேர், தாயைப் பிரிந்த கன்றுக்காகவும் வாரக் கணக்கில் ஆறாத சூட்டுப்புண்ணுக்காகவும் அதே உரத்தில் பேசினர் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அக்கேள்வியைக் கேட்பவன் தன் தொழுவத்தையும் காட்ட ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மூளை அலை முறையைத் தாமே கற்று, ஆடுகளிலும் மாடுகளிலும் பல்வேறு அறுப்பு முறைகளை ஒப்பிட்டு ஆய்வுகள் வெளியிட்டிருக்கின்றனர். பிறர் அளந்து கூறுவதை ஏற்பதா மறுப்பதா என்று தடுமாறுவதற்கு மாறாக நாமே அளப்பது என்னும் இந்த வழி வரவேற்கத்தக்கது. நியூஸிலாந்து நெடுங்காலமாகத் தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சி, அறுக்காது விட்டால் விலங்கு மீண்டெழக்கூடிய அளவில் உணர்விழக்கச் செய்து, பின்னர் முஸ்லிம்களைக் கொண்டு அறுத்து ஏற்றுமதி செய்கின்றது. அறுப்பதற்கு முன்னர் உயிர் இருப்பது உறுதி என்பதால் முஸ்லிம் நாடுகளின் அதிகார அமைப்புகள் பல இதனை ஏற்றன, சில தயங்குகின்றன. இது குறித்துத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

அதே நியூஸிலாந்தில், பால் கறக்கப் பயன்படாதெனக் கழிக்கப்படும் இலட்சக்கணக்கான கன்றுகள் ஆண்டுதோறும் பிறந்த சில நாட்களிலேயே அறுப்புக் கூடத்துக்கு அனுப்பப்படுகின்றன. அவற்றைப் பொறுத்தவரை கத்தியின் விநாடிகளைவிட அதற்கு முந்திய நாளே பெரிது. வண்டியில் நெடுநேரம் நிற்க வேண்டும். தொப்புள் இன்னும் உலராதிருக்கும். கடைசியாகப் பால் குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்பது எவருக்கும் தெரியாதிருக்கும். 2016இல் அந்நாடு இதற்கெனத் தனி விதிகளை இயற்றத் தொடங்கியது. கன்றுக்குக் குறைந்தது நான்கு நாள் வயது நிரம்பியிருக்க வேண்டும், பயணம் 12 மணி நேரத்தைக் கடக்கலாகாது, கடைசியாகப் பாலூட்டிய 24 மணி நேரத்துக்குள் அறுக்கப்பட வேண்டும் என அவை வரையறுத்தன. அறுப்புக் கூடத்துக்கு வந்துசேரும் கன்று போதிய முதிர்ச்சியுற்றதா எனக் காண, பரிசோதகர் அதன் தொப்புள் கொடி காய்ந்திருக்கின்றதா, குளம்பு உறுதியாகியிருக்கின்றதா என்று பார்க்கின்றார். காதுகள் நிமிர்ந்திருக்கின்றனவா, அது தானாக எழுந்து நிற்கின்றதா என்பதையும் கவனிக்கின்றார்.